அரைவயிற்று எலிகளின் துவாதசி

கிளாஸ்கோ
12-2-1995

அன்புள்ள கோமளம் அத்தைக்கு,

ஹம்சினியின் நமஸ்காரங்கள். நான் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? இங்கே குளிர் எலும்பு வரைக்கும் போகிறது. இந்த ஆய்வுக்கூடத்தின் மூத்த பேராசிரியர் ரிட்சி அம்மாள் தன் பழைய கம்பளிக் கோட்டு ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அதற்குள் என்னைப் போல் இன்னொருத்தியும் குடியிருக்கலாம்.

புறப்பட்ட அவசரத்தில் எல்லாவற்றையும் வாயால்தான் சொன்னேன். முப்பத்திரண்டு வருஷம் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதிவிட்டால் எனக்கு நிம்மதி.

மொத்தம் நாற்பத்தெட்டு சுண்டெலிகள், கூண்டுக்கு ஒன்று. ஒன்றிலிருந்து இருபத்துநான்கு வரை அரைவயிற்றுக்காரர்கள். ஒரு நாளைக்கு இரண்டரை கிராம் தீனி வில்லை மட்டும். இருபத்தைந்திலிருந்து நாற்பத்தெட்டு வரை முழுவயிற்றுக்காரர்கள். வேண்டிய மட்டும் தின்னலாம். எல்லோருக்கும் இப்போது இருபது மாதம் ஆகிறது. மனுஷ வயதில் அறுபதுக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதான பிறகு உணவைக் குறைத்தாலும் ஆயுள் நீளுமா, கைகால் வலு நிற்குமா என்பதுதான் என் கேள்வி. எதையும் நாம் கொல்வதில்லை. அது அது தன் நாளில் போகட்டும். போன தேதியை எழுதினால் போதும்.

தினமும் காலை ஏழு மணிக்கு எடை, பிறகு தீனி. மாதம் ஒருமுறை நோட்டின் கார்பன் நகலை எனக்கு அனுப்புங்கள். பத்து மாதம் நான் இங்கே தசை நார்களை எண்ணக் கற்றுக்கொள்ளும்வரை என் முனைவர் பட்டம் அடையாறு ஆய்வுக்கூடத்தில் அந்தக் கூண்டுகளுக்குள்தான் இருக்கிறது. வேறு யாரிடம் விட்டிருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ஹம்சினி

*

மயிலாப்பூர்
27-2-1995

சிரஞ்சீவி ஹம்சினிக்கு,

அத்தையின் ஆசிகள். இங்கே எல்லோரும் நலம். மாம்பலத்தில் உன் அப்பா அம்மாவும் சௌக்கியம். கோட்டுக்குள் ஸ்வெட்டரும் போட்டுக்கொள். இன்னொருத்திக்கு இடம் தராதே.

நான் உத்தியோகத்துக்குப் போகிற செய்தி தெரு முழுக்கப் பரவிவிட்டது. எதிர் பிளாட் வைதேகி மாமி படியிலேயே மடக்கினாள்.

“ஏண்டி கோமளம், ஆத்துல எலி வந்தா பொறி வெக்கறோம். நீ பஸ் ஏறிப் போய் அதுக்குச் சாதம் போட்டுட்டு வரயாமே?”

“சாதம் மட்டுமில்லை மாமி. எடை பாத்து எழுதிட்டும் வரேன்.”

“எழுதி என்ன பண்றது?”

“வயசாறதுன்னா உடம்புக்குள்ள என்ன நடக்கறதுன்னு எங்க ஹம்சினி கண்டுபிடிக்கறா.”

“கண்டுபிடிச்சா முதல்ல என் இடுப்புக்குச் சொல்லச் சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் மறுநாள் கோயிலில் நாலு பேரிடம் ‘நம்ம கோமளத்தோட தம்பி பொண்ணு சீமையில ஆராய்ச்சி பண்றா’ என்று அவளே பெருமையடித்துக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன்.

ஏழு மணிக்குச் சரியாகப் போய்விடுகிறேன். எலியை பிளாஸ்டிக் டம்ளரில் விட்டு, அது ஒரு நொடி அசையாமல் இருக்கும்போது எடையைப் படிக்க வேண்டியிருக்கிறது. எட்டாம் வகுப்பை வரிசையில் நிற்கவைத்த எனக்கு இது பெரிய காரியமில்லை. கூண்டு சுத்தம் செய்கிற முத்துமாரி நல்ல மனுஷி. ஊரூர் குப்பத்திலிருந்து நடந்தே வருகிறாள். உன்னைப் ‘பாப்பா’ என்கிறாள்.

முழுவயிற்று எலிகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கல்யாணச் சாப்பாடு முடித்து ஊஞ்சலில் சாய்ந்த சம்பந்தி மாதிரி படுத்துக்கிடக்கின்றன. அரைவயிற்றுக்காரர்கள் அப்படியில்லை. என் செருப்புச் சத்தம் கேட்டதுமே கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். முந்தாநாள் ஏகாதசி. எனக்கு வழக்கம்போல வெறும் தண்ணீர்தான். அந்தப் பசியோடு அவர்கள் முன்னால் நின்றபோது, எங்களுக்குள் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை என்று தோன்றியது. ஒரே வித்தியாசம், எனக்கு மறுநாள் விரதம் முடிக்கத் துவாதசி உண்டு.

நகல் இத்துடன் இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்
அத்தை கோமளம்

*

கிளாஸ்கோ
19-3-1995

அன்புள்ள அத்தைக்கு நமஸ்காரம். நான் நலம். இருமல் மட்டும் விடவில்லை. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நகல் வந்தது. ரிட்சி அம்மாள் அதைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ‘யார் இவர்? ஒன்றுக்கும் ஏழுக்கும் குழப்பமே இல்லையே’ என்றார். எங்கள் அத்தை என்றேன். அந்தப் பக்கத்தை இங்கே சுவரில் ஒட்டி, ‘நோட்டு இப்படி எழுத வேண்டும்’ என்று மற்ற மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறார். அதில் ஒரு ஜெர்மன்காரன் என்னிடம் கொஞ்சம் கோபமாக இருக்கிறான்.

பசித்த எலிகளைப் பார்த்து மனம் கஷ்டப்பட வேண்டாம். அவை ஆரோக்கியமாகத்தான் இருக்கும். சீக்கிரமே அவற்றைக் கம்பியில் தொங்கவிட்டு வலுவைச் சோதிப்பீர்கள். அப்போது தெரியும்.

வெயில் ஆரம்பித்திருக்கும். குடை எடுத்துப் போங்கள்.

ஹம்சினி

*

மயிலாப்பூர்
30-4-1995

சிரஞ்சீவி ஹம்சினிக்கு அத்தை ஆசீர்வாதம். நாங்கள் சுகம். உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நல்லாசிரியர் விருது எனக்கு வராமல் போனதில் கொஞ்சம் மனக்குறை இருந்தது. உங்கள் சுவரில் என் பக்கம் ஒட்டியிருக்கிறது என்றதும் அந்தக் குறை தீர்ந்தது. ஜெர்மன்காரப் பிள்ளையிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

இந்த மாதம் முழுவயிற்றில் 31, 40 இரண்டும் போயின. அரைவயிற்றில் 6 மட்டும். தேதியும் நேரமும் எழுதியிருக்கிறேன்.

கம்பிச் சோதனை நடந்தது. உன் குரு டாக்டர் அப்துல் வஹீத் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொள்ள, நான் எழுத, முத்துமாரி கீழே பஞ்சு மெத்தையைப் பிடித்துக்கொண்டு கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே வந்தாள்.

“ஐய, இந்தக் குண்டன் தொப்புனு உய்ந்துட்டான். அடுத்து யாரு, மூணாம் நம்பரா? பாரு சார், பாரு சார், சர்க்கஸ்காரி கணக்கா தொங்கிக்கினு கீது. டீச்சரம்மா, இது எறங்குறதுக்குள்ள நான் ஊட்டுக்குப் போய் கொழம்பு வெச்சுட்டு வந்துருவேன்.”

முழுவயிற்றுக்காரர்களின் சராசரி ஒன்பது விநாடி. அரைவயிற்றுக்காரர்கள் இருபத்திரண்டு. வஹீத் சார் எப்போதும் அளந்துதான் பேசுவார். அன்று என்னைப் பார்த்து, “உங்கள் பெண் சரியான இடத்தில்தான் தோண்டியிருக்கிறாள்” என்றார். ‘உங்கள் பெண்’ என்றதை நான் திருத்தவில்லை.

எனக்கு அவர்களோடு நன்றாகப் பழகிவிட்டது. துவாதசி நாட்களில் மட்டும் விடியலிலேயே என் பாரணைச் சாப்பாடு முடிந்துவிடுவதால், ஆறரைக்கே போய்விடுகிறேன். மற்றபடி விசேஷமில்லை.

உன் இருமல் நின்றதா என்று எழுது.

அத்தை

*

கிளாஸ்கோ
24-5-1995

அன்புள்ள அத்தை,

நமஸ்காரம். இருமல் நின்றுவிட்டது. உங்கள் உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் எடைகளை எல்லாம் வரைபடமாகப் போட்டேன். அரைவயிற்று எலிகளின் கோடு தரை மாதிரி நேராகப் போகிறது, குறிப்பிட்ட சில நாட்களைத் தவிர. மார்ச் 15, மார்ச் 29, ஏப்ரல் 13, ஏப்ரல் 27. இந்த நான்கு நாட்களிலும் ஏறக்குறைய எல்லா எலிகளும் அரை கிராமுக்கு மேல் ஏறியிருக்கின்றன. ஓரிரு நாளில் இறங்கிவிடுகின்றன. முழுவயிற்று எலிகளிடம் இது இல்லவே இல்லை.

ரிட்சி அம்மாள் தன் டைரியை எடுத்துப் பார்த்தார். நான்கும் பௌர்ணமிக்கோ அமாவாசைக்கோ சரியாக இரண்டு நாள் முன்னால். கடற்கரை நண்டுகளுக்கு இப்படிப் பதினைந்து நாள் தாளம் உண்டாம். சுண்டெலியிடம், அதுவும் வயதான, பசித்த சுண்டெலியிடம் இதை யாரும் பார்த்ததில்லை என்கிறார். ஜூன் கடைசிக்குள் சுருக்கம் எழுதி அனுப்பினால் செப்டம்பர் மாநாட்டில் இடம் கிடைக்கும்.

அத்தை, நான் தேடியது ஒன்று, கிடைத்திருப்பது வேறொன்று. உங்கள் நோட்டு இல்லையென்றால் இது கண்ணில் பட்டிருக்காது.

உடனே பதில் போடுங்கள்.

ஹம்சினி

*

மயிலாப்பூர்
18-6-1995

சிரஞ்சீவி ஹம்சினிக்கு ஆசிகள். நலம், நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கத்திரி வெயில் முடிந்தும் சூடு குறையவில்லை. எலிகளின் அறைக்கு இரண்டாவது மின்விசிறி போட்டிருக்கிறார்கள்.

உன் கடிதம் கிடைத்தது. நண்டு விஷயம் எனக்குப் புதிது. எனக்கு ஒன்று தோன்றுகிறது. எடை போடும் தராசில் ஏதாவது கோளாறு இருக்கலாமோ? மின்சாரம் ஏறி இறங்குகிற ஊர் இது. அவசரப்பட்டு மாநாட்டுக்கு அனுப்ப வேண்டுமா? யோசித்துச் செய்.

33, 45 போயின. அரைவயிற்றில் யாரும் போகவில்லை. உன் அப்பா பெசன்ட் நகர் கடற்கரையில் காலையில் நடக்க ஆரம்பித்திருக்கிறான்.

அத்தை

*

கிளாஸ்கோ
2-7-1995

அன்புள்ள அத்தைக்கு நமஸ்காரம். இவ்வளவு சின்னக் கடிதம் நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

தராசில் குறை இருக்க முடியாது. அதே தராசில் அதே காலையில் முழுவயிற்று எலிகளையும் போடுகிறீர்கள்; அவற்றின் எடை ஏறவில்லை. மே நகலிலும், ஜூன் பாதி வரை வந்த நகலிலும் அதே தாளம். மூன்று மாதம், ஏழு தடவை, ஒன்றுகூடத் தப்பவில்லை. ரிட்சி அம்மாள் தன் முப்பது வருஷத்தில் இவ்வளவு சுத்தமான கோட்டைப் பார்த்ததில்லையாம்.

சுருக்கத்தை அனுப்பி, ஏற்றுக்கொண்டும் விட்டார்கள். செப்டம்பர் 14. என் பெயர்தான் முதல் பெயர். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, உங்களிடம்தான் முதலில்.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாராவது கட்டாயம் கேட்பார்கள். அந்த நாட்களில் எலிகளின் அறையில் வேறு ஏதாவது மாறுதல் உண்டா? விளக்கு, சத்தம், கூண்டில் பரப்பும் மரத்தூள், எதுவானாலும். ‘எதுவும் இல்லை’ என்று நீங்கள் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அதையே காட்டிவிடுவேன். உங்கள் வார்த்தை எனக்குப் போதும்.

ஹம்சினி

*

மயிலாப்பூர்
17-7-1995

அன்புள்ள ஹம்சினி,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் நலம் கேட்கிற தகுதியோடு இந்தக் கடிதத்தை எழுதவில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

நீ கேட்ட ஒரு வரியை என்னால் எழுத முடியாது. மாறுதல் உண்டு. அந்த மாறுதல் நான்தான்.

மார்ச் 14, துவாதசி. விடியற்காலையில் அகத்திக்கீரையும் பயத்தம்பருப்பும் வைத்துப் பாரணை முடித்தேன். முந்தின நாள் பட்டினி கிடந்த இன்னொரு உயிருக்கும் போட்டால்தான் பாரணை முழுதாகும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். என்னைப் போலவே பட்டினி கிடக்கிற இருபத்துநான்கு பேர் அடையாறில் கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பார்கள் என்ற நினைப்பு வந்தது. ஊறின பயத்தம்பருப்பு மிச்சமிருந்தது. ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு எடுத்துப் போனேன். எடை எழுதி முடித்தபின் ஆளுக்கு ஒரு சிட்டிகை. அவர்கள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தின்றார்கள். அதன் பிறகு ஒரு துவாதசியும் தவறவில்லை. மறுநாள் காலை எடை ஏறியது அதனால்தான். அதுதான் உன் பதினைந்து நாள் தாளம்.

நோட்டில் ‘உணவு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் தினமும் 2.5 என்று எழுதினேன். பொய் எழுதுகிறோம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பயத்தம்பருப்பு உணவாகவே தோன்றவில்லை, துவாதசியாகத்தான் தோன்றியது. ஆனால் மே மாதம் உன் கடிதத்தில் அந்த நான்கு தேதிகளைப் பார்த்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகும் சொல்லவில்லை. தராசின் மேல் பழி போட்டேன். பருப்புக் கொடுத்தது அறியாமை. தராசைச் சொன்னது அறியாமை இல்லை. அதன் பிறகும் மூன்று துவாதசிகளுக்கு டப்பா எடுத்துப் போனேன். நிறுத்தினால் தாளம் நின்றுவிடும், உன் மாநாடு கெட்டுவிடும் என்று நினைத்தேன். எவ்வளவு தூரம் போய்விட்டேன் பார்.

உன் ஜூலைக் கடிதம் வந்த அன்று முத்துமாரிதான் கேட்டாள்.

“பாப்பா எழுதிக்குதா? இன்னா சொல்லுது?”

“எலிகளுக்கு நிலா தெரியுது என்கிறாள்.”

அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். “நிலாவா? நீ டப்பா எடுத்துக்கினு வர்ற நாளுன்னு சொல்லு.”

“நீ பார்த்தாயா?”

“நாலு மாசமா பாத்துக்கினுதான் கீறேன். பாவம், துன்னட்டும்னு உட்டேன். நீ படிச்சவ, நோட்டுல எழுதிப்பேன்னு நெனச்சேன். எழுதலையா?”

வகுப்பில் நான் வருஷா வருஷம் சொல்வேன்: தெர்மாமீட்டரின் குமிழைக் கையில் பிடித்துக்கொண்டு அறையின் சூட்டை அளந்தால், நீ அளப்பது உன் கையைத்தான். ஆயிரம் பெண்களுக்காவது சொல்லியிருப்பேன்.

அன்றே வஹீத் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, “ஒரு சிட்டிகை என்றால் எத்தனை கிராம்?” என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை. அதனால் பருப்பை ஊறவைத்து எடுத்துப் போய், என் சிட்டிகையை இருபது தடவை தராசில் போட்டுப் பார்த்தேன். சராசரி 1.1 கிராம். குறைந்தது 0.9, அதிகம் 1.3. மாநாட்டைப் பற்றி நீதான் முடிவு செய்ய வேண்டும் என்கிறார். நாளையிலிருந்து நான் வரவேண்டாமா என்று கேட்டேன். “நாளைக்கு ஏழு மணிக்கு வேறு யார் எடை பார்ப்பது?” என்றார்.

உன் பெயரை முதல் பெயராகப் போட்ட இடத்தில் இதை உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. மன்னிப்புக் கேட்டால் பதில் சொல்ல வேண்டிய சங்கடம் உனக்கு வரும். அதனால் கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன்.

கோமளம்

*

கிளாஸ்கோ
30-7-1995

அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மாநாடு முடிந்தபின் எழுதுகிறேன்.

ஹம்சினி

*

மயிலாப்பூர்
20-8-1995

சிரஞ்சீவி ஹம்சினிக்கு ஆசிகள். பதில் எதிர்பார்த்து எழுதவில்லை. நகல் அனுப்ப வேண்டிய நாள் என்பதால் எழுதுகிறேன்.

நோட்டில் நான் பருப்புக் கொடுத்த ஒவ்வொரு தேதிக்கும் எதிரே சிவப்பு மையில் ‘பயத்தம்பருப்பு, சுமார் 1.1 கிராம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். ஒன்பது இடங்கள். பழைய எழுத்தை அடிக்கவில்லை. இரண்டும் தெரிய வேண்டும் என்றார் வஹீத் சார்.

கொடுப்பதை நிறுத்திவிட்டேன். ஜூலை 25, ஆகஸ்ட் 8, இரண்டு நாளிலும் ஏற்றம் இல்லை. கோடு நேராகப் போகிறது.

அரைவயிற்றில் 19 ஆகஸ்ட் 11 அன்று போயிற்று. இப்போது 22 பேர். முழுவயிற்றில் 15.

வைதேகி மாமி உன்னை விசாரித்தாள். நலமாக இருக்கிறாய் என்றேன்.

அத்தை

*

கிளாஸ்கோ
24-9-1995

அன்புள்ள அத்தைக்கு,

ஹம்சினியின் நமஸ்காரங்கள். நான் நலம். இந்த வரியை எழுத எனக்கு எட்டு வாரம் ஆகியிருக்கிறது. நடுவில் எழுதிக் கிழித்தவை நான்கு. அவற்றை நீங்கள் படிக்காததே நல்லது.

கோபம் இருந்தது. பருப்புக்காக அவ்வளவு இல்லை. தராசுக்காகத்தான். அதை நீங்களே சொல்லிவிட்டீர்கள், ஆகையால் நான் இன்னொரு தடவை சொல்லவில்லை. பிறகு என் மேலேயே கோபம் வந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டில் சமையல் இல்லாமல் வளர்ந்த பெண் நான். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த பாட்டனின் பேத்தி. அந்தத் தேதிகளைப் பார்த்தபோது எனக்கு நண்டு ஞாபகம் வந்ததே தவிர, ஏகாதசி ஞாபகம் வரவில்லை. புதிதாக ஒன்று கிடைக்க வேண்டும் என்ற ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

ரிட்சி அம்மாளிடம் சொன்னேன். அவர், ஒரு வரி எழுதிப் போட்டு மாநாட்டிலிருந்து விலகிவிடலாம், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள் என்றார். இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் வஹீத் சார் அறைக்குப் படியேறிப் போனதை நினைத்துக்கொண்டேன், அந்த முழங்காலோடு. விலகவில்லை.

செப்டம்பர் 14 அன்று அதே வரைபடத்தை மாட்டினேன். மேலே தலைப்பை மாற்றினேன். கீழே, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் காரணம் 1.1 கிராம் ஊறவைத்த பயத்தம்பருப்பு என்றும், கொடுத்தவரே அதைத் தெரிவித்தார் என்றும், நிறுத்தியதும் தாளம் நின்றது என்றும் எழுதினேன். சிலர் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். முகம் எரிந்தது. ஆனால் ஒரு வயதான நார்வேக்காரர் மட்டும் அரை மணி நேரம் நின்றார். கடைசியில் கேட்டார்: “தெரியாமல் ஊட்டினார், சரி. மறுநாள் எடையையாவது பழையபடி எழுதியிருக்கலாமே. அவர் கையில்தானே நோட்டு இருந்தது? இருபதுக்குப் பதிலாக இருபதரை என்று தன் கையாலேயே ஏன் எழுதினார்?”

“அப்படி மாற்றி எழுதலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது” என்றேன்.

சொன்ன பிறகுதான் அத்தை, நான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. ஒன்பது தடவை, ஒரு தடவைக்கு இருபதுக்கு மேல் எலிகள். ஒரு எண்ணைக்கூட நீங்கள் மாற்றவில்லை. உங்களைக் காட்டிக்கொடுத்தது உங்கள் நோட்டுத்தான். அந்த மனிதர் தன் மாணவர்களைக் கூட்டிவந்து காட்டினார். ‘எங்கள் அத்தை’ என்று அன்று ஐந்தாறு பேரிடம் சொன்னேன். மார்ச்சில் சொன்னதைவிட இந்தத் தடவை சத்தமாகவே சொன்னேன்.

ஆனால் நஷ்டம் நஷ்டம்தான். என் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். வஹீத் சார் எழுதிய யோசனை இது: மிச்சமிருக்கும் 22 அரைவயிற்று எலிகளைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரிக்க வேண்டும். பதினொன்றுக்கு துவாதசிதோறும் அளந்து 1.1 கிராம் பருப்பு. மற்றப் பதினொன்றுக்கு இல்லை, கடைசி வரை. எப்போதாவது கிடைக்கிற ஒரு விருந்து, ஆயுளையும் வலுவையும் மாற்றுகிறதா என்று பார்க்கலாம். நல்ல கேள்வி. உங்கள் தவறிலிருந்துதான் அது வந்தது.

கொடுப்பது சுலபம். பக்கத்துக் கூண்டுக்குக் கொடுத்துவிட்டு இதைத் தாண்டிப் போவதுதான் கஷ்டம். அதை நீங்கள்தான் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. முடியாது என்று தோன்றினால் தயங்காமல் எழுதுங்கள்; வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம், வருத்தமில்லை.

உங்கள்
ஹம்சினி

*

மயிலாப்பூர்
22-10-1995

அன்புள்ள ஹம்சினிக்கு,

அத்தையின் மனமார்ந்த ஆசிகள். நாளை தீபாவளி. மாம்பலத்தில் எண்ணெய் ஸ்நானத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஏழு மணிக்கு எனக்கு வேலை இருக்கிறது, எட்டரைக்கு மேல் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா முதலில் முறைத்தான். பிறகு, “உனக்கும் அவளுக்கும் லீவே கிடையாதா” என்று சிரித்தான்.

அந்த நார்வேக்காரருக்கு நீ சொன்ன பதிலை ஒரு கடுதாசியில் எழுதி, என் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். வேறு யாரிடமும் காட்டவில்லை.

வஹீத் சார் முன்னிலையில் சீட்டுப் போட்டோம். முத்துமாரிதான் எடுத்தாள். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பதினாலாம் எண் என்னிடம் தனியாக ஒட்டிக்கொண்டது. இடது காதில் சின்னப் பிளவு. எடை பார்த்து முடித்தாலும் டம்ளரை விட்டு இறங்காது. விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அது கொடுக்கிற பக்கம் விழவேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். கொடுக்காத பக்கம்தான் விழுந்தது. முத்துமாரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வேற சீட்டு எடுக்கட்டுமா டீச்சரம்மா?” என்றாள். வஹீத் சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றேன்.

நேற்று துவாதசி. பதினோரு காகிதக் கிண்ணங்களில் பருப்பை ஒவ்வொன்றாக அளந்தேன். பயத்தம்பருப்பின் மணம் இருபத்திரண்டு பேருக்கும் தெரியும். எல்லோரும் கம்பிக்கு வந்துவிட்டார்கள். பதிமூன்றுக்குக் கொடுத்தேன். பதினாலு இரண்டு கையையும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அதன் இரண்டரை கிராம் வில்லையை வைத்தேன். அது வில்லையைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் பதினைந்துக்குப் போனேன். இருபத்துநான்கு வரை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

ஆளை மாற்ற வேண்டாம். நானே செய்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்ததை நேற்றுத்தான் முதல் தடவையாகச் செய்தேன் என்று தோன்றுகிறது.

இன்று காலை எடை பின்பக்கம் இருக்கிறது. பதினொன்று ஏறியிருக்கின்றன. பதினொன்று இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பதினாலாம் எண் 20.3 கிராம். நேற்றும் 20.3. என் வாழ்நாளில் எத்தனையோ எண்கள் எழுதியிருக்கிறேன், ஹம்சினி. இந்த ஒன்றை எழுதியபோது மட்டும் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் அன்பு அத்தை
கோமளம்